இரண்டாவது கேள்வி பிறந்த கதை

போர்ட் பிளேரிலிருந்து அந்தமான் பெருவழிச்சாலையில் கிளம்பி கராச்சர்மாவைத் தாண்டினால் சிப்பிகாட் வருகிறது. (நகரத்துக்கு 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிவிட்டது. பழகிய பெயரையே இங்கே சொல்கிறேன்.) கிராம்பும் ஜாதிக்காயும் மிளகும் வளர்க்கிற அரசுப் பண்ணையால் பெயர் பெற்ற ஊர் இது. இன்று சாலையோரம் நிறுத்திப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் பறவை பார்க்க வருகிறவர்கள். சதுப்பில் கொக்கும் நாரையும் அந்தமான் வாத்தும் மேய்கின்றன.

அந்தச் சதுப்பு 2004 டிசம்பர் 26 வரைக்கும் விளைநிலம். அன்று காலை பூமி அதிர்ந்தபோது தெற்கு அந்தமான் ஏறத்தாழ ஒரு மீட்டர் கீழே இறங்கியது. கடல்மட்டத்தை ஒட்டிக் கிடந்த வயல்களுக்கு அந்த ஒரு மீட்டரே போதுமானதாக இருந்தது. சுனாமி அலை வந்து திரும்பிவிட்டது, ஆனால் தாழ்ந்த நிலம் மறுபடி எழவில்லை. அன்றிலிருந்து ஓதம் ஏறும்போதெல்லாம் கடல்நீர் உள்ளே வருகிறது. வயலும் வரப்பும் உப்புநீருக்குள் போயின.

இப்படி நிலம் இழந்தவர் யாரிடம் போய்க் கேட்பார்? அணை கட்டி நிலத்தை மீட்பார்களா, மாற்று நிலம் தருவார்களா, இழப்பீடு எந்தக் கணக்கில் வந்தது, வராதவருக்கு ஏன் வரவில்லை? தஞ்சாவூர்க்காரருக்கு இப்படி ஒன்று நடந்தால் அவருடைய எம்.எல்.ஏ. சென்னையில் எழுந்து வருவாய்த்துறை அமைச்சரைக் கேட்பார். தமிழ்நாட்டில் 234 எம்.எல்.ஏ.க்கள், சராசரியாக மூன்று லட்சம் பேருக்கு ஒருவர். அந்தமான் நிக்கோபாரில் 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 3.8 லட்சம் பேர் இருக்கிறார்கள். எம்.எல்.ஏ. ஒருவர்கூட இல்லை, ஏனென்றால் சட்டசபையே இல்லை. பஞ்சாயத்துகளும் ஜில்லா பரிஷத்தும் நகராட்சியும் உண்டு. ஆனால் நிர்வாகத்தின் தலைவர் துணைநிலை ஆளுநர், அவருக்கு மேலே டெல்லியில் உள்துறை அமைச்சகம். அந்த அமைச்சகத்தை மன்றத்தில் நேருக்கு நேர் நிற்க வைத்துக் கேட்கத் தீவுகளின் வாக்கால் தேர்வாகிப் போகிறவர் ஒரே ஒருவர்தான். மக்களவையின் 543 தொகுதிகளில் ஒன்று அவருடையது.

ஆகவே சிப்பிகாட் வயலின் கதி, நாடாளுமன்றக் கேள்வி என்கிற ஒரு சாதனத்தில் தொங்குகிறது. அது எப்படிப் பிறந்தது, எப்படிப் பல் முளைத்தது என்று தெரிந்துகொள்ளும் தேவை இந்தியாவில் பெரும்பாலான ஊர்களுக்கு இவ்வளவு இல்லை.

பதிவில் கிடைக்கிற முதல் கேள்வி லண்டனில் பிரபுக்கள் சபையில் 1721 பிப்ரவரி 9 அன்று எழுந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் சவுத் சீ கம்பெனியின் பங்கு விலை வானத்துக்கு ஏறிச் சரிந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கவிழ்த்திருந்தது. கம்பெனியின் காசாளர் ராபர்ட் நைட் நாட்டைவிட்டு ஓடிவிட்டார். அவர் பிரஸ்ஸல்ஸில் பிடிபட்டதாக வதந்தி. உண்மையா என்று கௌப்பர் பிரபு எழுந்து கேட்டார், அரசு சார்பில் சண்டர்லாந்து பிரபு பதில் சொன்னார். மக்கள் பணம் போய்விட்டது, போனவன் எங்கே, அரசுக்குத் தெரிந்ததைச் சொல். கேள்வி பிறந்த நேரத்திலிருந்தே அதன் குணம் இதுதான்.

இந்தியாவுக்கு அது சுலபமாக வந்து சேரவில்லை. 1853 சட்டத்தின்படி கல்கத்தாவில் சட்டமியற்றுவதற்கென்று தனியாக ஓர் அவை அமைந்தது. அதில் ஓர் இந்தியர்கூடக் கிடையாது. ஆனாலும் அந்த வெள்ளைக்கார உறுப்பினர்கள் தாங்கள் ஒரு குட்டி நாடாளுமன்றம் என்றே நடந்துகொண்டு நிர்வாகத்தைக் கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டார்கள். லண்டனுக்கு அது பிடிக்கவில்லை. 1861 சட்டம் அவையின் வேலை சட்டம் இயற்றுவது மட்டுமே என்று கதவைச் சாத்தியது. அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்திய அரசை இந்தியாவின் எந்த அவையிலும் யாரும் கேள்வி கேட்க முடியவில்லை. ஒரிசாப் பஞ்சமும், தமிழகத்தைத் தின்று தீர்த்த 1876-78 தாது வருஷப் பஞ்சமும் அந்த மௌன காலத்துக்குள்தான் வந்து போயின. இதை வெறும் தற்செயல் என்று கடந்துபோக என்னால் முடியவில்லை.

காங்கிரஸ் பிறந்த பிறகு ஆண்டுதோறும் எழுந்த கோரிக்கைகளில் ஒன்று கேள்வி கேட்கும் உரிமை. 1892 சட்டம் அதைக் கொடுத்தது. 1893 பிப்ரவரி 16 அன்று முதல் கேள்வியைக் கேட்டவர் அயோத்திப் பகுதியின் பிங்கா ராஜா உதய் பிரதாப் சிங். ஒரு ராஜா கேட்ட கேள்வி என்றதும் மானியம், பட்டம், எல்லைத் தகராறு என்று எதையாவது நினைக்கத் தோன்றும். அவர் கேட்டதோ கிராமத்துக் கடைக்காரர்களைப் பற்றி. முகாம் வருகிற அரசு அதிகாரிகளுக்குக் கடைக்காரர்கள் சாமான் சப்ளை செய்தாக வேண்டியிருந்தது. அதில் அவர்கள் படும் கஷ்டத்தை அரசு அறியுமா என்பதுதான் கேள்வி. ஊரில் யாரிடமும் முறையிட முடியாத ஒரு சிறு வியாபாரியின் நஷ்டம் வைஸ்ராயின் சபை வரை போய்ச் சேர்ந்தது. இந்தியாவில் கேள்வியின் முதல் மூச்சே கடைக்கோடி ஊரைப் பற்றித்தான் இருந்தது.

ஆனால் அந்த உரிமை நொண்டி. பதில் வந்தால் உட்கார்ந்துவிட வேண்டும். பதில் மழுப்பலா, பொய்யா, பாதியா என்று திருப்பிக் கேட்க வழியில்லை. விவாதமும் கூடாது. 1909-ன் மிண்டோ-மார்லி சட்டத்தில்தான் துணைக் கேள்வி அனுமதிக்கப்பட்டது, அதுவும் முதல் கேள்வியைக் கேட்டவருக்கு மட்டும். 1919 சட்டத்துக்குப் பிறகு, 1921-ல் கூடிய மத்திய சட்டசபையில், எந்த உறுப்பினரும் துணைக் கேள்வி கேட்கலாம் என்று வந்தது. அமர்வின் முதல் ஒரு மணி நேரம் கேள்விக்கென்று ஒதுக்கப்பட்டதும் அப்போதுதான்.

என்னைக் கேட்டால் கேள்வியின் உண்மையான பிறந்த தேதி 1893 இல்லை, துணைக் கேள்வி எல்லோருக்கும் கிடைத்த 1921. முதல் கேள்விக்கு எழுதப்படும் பதில் அமைச்சகத்தின் அறைகளில் பல கை மாறி, பல முறை திருத்தப்பட்டு, யாருக்கும் சிக்கல் வராதபடி மொழுகப்பட்டு வருகிறது. இரண்டாவது கேள்விக்கு அப்படி எழுதி வைத்த பதில் கிடையாது. அமைச்சர் அந்த இடத்திலேயே, தனக்குத் தெரிந்ததை வைத்துத்தான் சொல்லியாக வேண்டும். அவருக்கு விஷயம் தெரியுமா தெரியாதா என்று நாடு பார்க்கிற நிமிஷம் அதுதான். 1935 முதல் மத்திய சட்டசபையில் இருந்த தீரர் சத்தியமூர்த்தி இந்த நிமிஷத்தின் மதிப்பை முழுதாக அறிந்தவர். திருமயத்தில் பிறந்த அந்த வக்கீல் துணைக் கேள்விகளுக்காகவே அரசுத் தரப்பு அஞ்சிய மனிதர். கையில் அதிகாரம் எதுவும் இல்லாத ஒரு சபையில், பதிலின் பின்னாலேயே அடுத்த கேள்வியை ஓட்டுவது ஒன்றுதான் அவருக்கு இருந்த ஆயுதம்.

இந்த ஆயுதம் அந்தமானை எட்டிய விதத்தைச் சொல்ல வேண்டும்.

1858 மார்ச்சில் முதல் கைதிகள் போர்ட் பிளேரில் இறக்கப்பட்டதிலிருந்து தீவுகளைப் பற்றி டெல்லிக்கோ கல்கத்தாவுக்கோ தெரிந்ததெல்லாம் அதிகாரிகள் எழுதி அனுப்பியதுதான். இடையில் மூன்று நாள் கடல். பார்த்து வந்து சொல்ல வேறு ஆள் இல்லை. 1932-ல் அரசியல் கைதிகளை மறுபடி போர்ட் பிளேரின் செல்லுலார் சிறைக்கு அனுப்பத் தொடங்கினார்கள். சிட்டகாங் ஆயுதக் கிடங்கு வழக்கில் தண்டனை பெற்றவர்களும் அவர்களில் உண்டு. 1933 மே மாதம் உண்ணாவிரதம் வெடித்தது. வாயிலும் மூக்கிலும் குழாய் செருகிப் பால் ஊற்றும் கட்டாய உணவூட்டல் நடந்தது. பகத் சிங்கின் தோழர் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நாமதாஸ், மோஹித் மொய்த்ரா என்று மூவர் இறந்தார்கள். மத்திய சட்டசபையில் அந்தமான் கைதிகளைப் பற்றிக் கேள்விகள் எழுந்தன. பதில்கள் வந்தன, ஆனால் அந்தப் பதில்கள் எல்லாம் எந்த நிர்வாகத்தின் மேல் குற்றச்சாட்டோ அதே நிர்வாகத்தின் அறிக்கையிலிருந்து எடுத்தவை.

1936-ல் உள்துறை உறுப்பினர் சர் ஹென்றி கிரெய்க் நேரில் தீவுக்குப் போய்த் திரும்பினார். உள்துறை உறுப்பினர் என்றால் இன்றைய உள்துறை அமைச்சர் இடத்தில் இருந்தவர். அந்தமான் கைதிகளுக்குச் சொர்க்கம் என்கிற பொருளில் அவர் பேசினார். பழைய காலமாக இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அமைச்சர் போனார், பார்த்தார், சொல்லிவிட்டார்.

அந்த ஆண்டு முடிவதற்குள் சட்டசபை உறுப்பினர்கள் இருவர், ராய்ஜாதா ஹன்ஸ் ராஜும் சர் முகமது யாமின் கானும், கப்பலேறிச் சிறையைப் பார்க்கப் போனார்கள். கைதிகளோடு பேசினார்கள். திரும்பி வந்த ஹன்ஸ் ராஜ் அது சொர்க்கமில்லை, நரகம் என்று சொன்னார்.

இந்தப் பயணத்தை நான் ஒரு துணைக் கேள்வியாகவே பார்க்கிறேன். சபையில் உட்கார்ந்து கேட்க முடிந்ததைக் கேட்டாகிவிட்டது, பதில் நம்பும்படி இல்லை, அதனால் போய்ப் பார்த்துவிட்டு வந்து கேட்பது. அரசின் வாக்குமூலத்துக்குச் சமமாக இன்னொரு வாக்குமூலம் பொதுவெளிக்கு வந்தது. அடுத்த ஆண்டு, 1937 ஜூலை 24 அன்று, கைதிகள் மறுபடி உண்ணாவிரதம் தொடங்கினார்கள். இம்முறை மாகாணங்களில் காங்கிரஸ் மந்திரிசபைகள் இருந்தன, நாடு முழுக்கக் கூட்டங்கள் நடந்தன, காந்தியும் தாகூரும் கைதிகளுக்குத் தந்தி அனுப்பினார்கள். ஒரு மாதத்துக்கும் மேல் நீடித்த பிறகு உண்ணாவிரதம் முடிந்தது. செப்டம்பரில் கைதிகளைத் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பத் தொடங்கி 1938 ஜனவரியில் கடைசிக் குழுவும் கரையேறியது. வென்றது கைதிகளின் உயிர்தான், சபை இல்லை. ஆனாலும் அந்த வெற்றிக்குத் தேவையான காதுகளைத் திறந்து வைத்ததில் சபைக் கேள்விக்கும் அந்தக் கப்பல் பயணத்துக்கும் பங்கு உண்டு.

சுதந்திரத்துக்குப் பின் தீவுகளுக்கென்று ஒரு குரல் வந்தது, வாக்கில்லாமல். 1952-ல் முதல் மக்களவைக்கு நிக்கோபாரின் பிஷப் ஜான் ரிச்சர்ட்சனைக் குடியரசுத் தலைவர் நியமித்தார். ஜப்பானிய ஆக்கிரமிப்பின் கொடுமையைக் கண்டு பிழைத்தவர், நிக்கோபாரி மொழிக்கு எழுத்தில் ஆயுள் கொடுத்தவர். அவரைவிடத் தகுதியானவர் இருந்திருக்க முடியாது. ஆனால் நியமிக்கப்பட்டவரிடம் போய், ஏன் கேட்கவில்லை என்று ஊர் கேட்க முடியாது. அடுத்த இரண்டு மக்களவைகளிலும் நியமனமே தொடர்ந்தது. நாட்டில் மூன்று பொதுத்தேர்தல்கள் நடந்து முடிந்த பிறகு, 1967-ல்தான் தீவு மக்கள் முதன்முறையாகத் தங்கள் உறுப்பினரை வாக்களித்து அனுப்பினார்கள். அவர் கே.ஆர். கணேஷ்.

கணேஷ் திறமையானவர். பின்னர் இந்திரா காந்தியின் அரசில் நிதித்துறை இணை அமைச்சரானார். தீவுக்குப் பெருமைதான். ஆனால் அமைச்சர் கேள்வி கேட்க முடியாது. அவர் பதில் சொல்லும் வரிசையில் போய் உட்கார்ந்த அந்த ஆண்டுகளில், கேள்வி கேட்கத் தாங்களே தேர்ந்தெடுத்த ஆள் என்று தீவுகளுக்கு ஒருவரும் இல்லை. கோயம்புத்தூர் எம்.பி. அமைச்சரானால் பக்கத்துத் தொகுதிக்காரர் கேட்பார், மாநிலங்களவையில் இன்னொருவர் கேட்பார், சட்டசபையில் இன்னும் பத்துப் பேர் கேட்பார்கள். மாநிலங்களவையிலும் அந்தமானுக்கு இடமில்லை. அதன்பின் மனோரஞ்சன் பக்தா, பிஷ்ணுபத ராய், குல்தீப் ராய் சர்மா, 2024-ல் மறுபடி பிஷ்ணுபத ராய் என்று இன்றுவரை அந்த ஒற்றை நாற்காலிதான்.

இரண்டாவது கேள்வி எவ்வளவு தூரம் போகும் என்பதை 1957 காட்டியது. அரசுடைமையாகி ஓராண்டே ஆன ஆயுள் காப்பீட்டுக் கழகம் ஹரிதாஸ் முந்த்ராவின் கம்பெனிகளில் சுமார் 1.24 கோடி ரூபாய்க்குப் பங்கு வாங்கியது. செப்டம்பரில் ராம் சுபக் சிங் அதைப் பற்றிக் கேட்டார், கிடைத்தது பிடிகொடுக்காத பதில். ஃபெரோஸ் காந்தி விடவில்லை. விவரங்களைத் தோண்டி எடுத்துக்கொண்டு டிசம்பர் 16 அன்று சபையில் எழுந்தார். ஆளுங்கட்சிக்காரர், பிரதமரின் மருமகன். நீதிபதி சாக்ளா விசாரணைக் கமிஷன் அமைந்தது, 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். சுதந்திர இந்தியாவில் ஓர் அமைச்சரை வீட்டுக்கு அனுப்பும் கதை, சாதுவாகத் தோன்றிய ஒரு கேள்வியில்தான் தொடங்கியது.

இனி சிப்பிகாட்டுக்குத் திரும்பலாம். ஒரு விவசாயியின் முறையீடு இன்று எந்த வழியாகப் போக வேண்டும்?

எம்.பி. குறைந்தது பதினைந்து முழு நாட்களுக்கு முன் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். கேள்வி வழக்கமாக 150 சொல்லுக்குள் இருக்க வேண்டும். நேரில் பதில் வேண்டுமென்றால் நட்சத்திரக் குறி போட்டுக் கேட்க வேண்டும். நாடு முழுவதிலிருந்தும் குவிகிற நோட்டீஸ்களுக்குக் குலுக்கல் நடக்கிறது. மக்களவையில் ஒரு நாளுக்கு 20 நட்சத்திரக் கேள்விகள் பச்சைத் தாளில் அச்சாகின்றன, அவற்றிலும் ஒரு மணி நேரத்தில் வாய்மொழிப் பதில் பெறுவது நாலைந்துதான். இவை தவிர 230 கேள்விகள் வெள்ளைத் தாளில், எழுத்துமூலப் பதிலுக்கு. 543 பேருக்குள் ஒருவருக்குப் பச்சைத் தாளின் முதல் சில இடங்கள் எத்தனை முறை விழும்? எழுத்துமூலப் பதிலுக்குத் துணைக் கேள்வி கிடையாது. அதாவது தீவுகளுக்குப் பெரும்பாலும் கிடைப்பது 1893-ன் நொண்டி உரிமைதான்.

இருந்தும் யூனியன் பிரதேசமாக இருப்பதில் ஒரு பலம் ஒளிந்திருக்கிறது. மாநிலப் பொறுப்பில் உள்ள விஷயத்தை மக்களவையில் கேட்டால் ஏற்க மாட்டார்கள். தஞ்சாவூர் வாய்க்காலைப் பற்றி டெல்லியில் கேட்க முடியாது. அந்தமானிலோ எல்லாமே மத்திய அரசின் பொறுப்பு. சிப்பிகாட்டின் ஒரு மதகு, ஓர் ஓடை, ஒரு சர்வே எண் வரைக்கும் இந்திய அமைச்சர் ஒருவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். இந்தப் பிடியைத் தீவுக்காரர்கள் இன்னும் இறுக்கிப் பிடிக்கலாம்.

எந்த அமைச்சர் என்பதிலும் கவனம் வேண்டும். நிலமும் நிவாரணமும் உள்துறையின் கீழ் உள்ள நிர்வாகத்திடம். உப்பேறிய மண்ணில் என்ன பயிரிடலாம் என்பது கராச்சர்மாவில் 1978 முதல் இயங்கும் மத்திய வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் வேலை, அது வேளாண் அமைச்சகத்திடம். வயல் இப்போது சதுப்பாகி அலையாத்தி முளைத்துப் பறவை இறங்குகிறதே, அதை மறுபடி வயலாக்கலாமா என்பது சுற்றுச்சூழல் அமைச்சகத்திடம். ஒருவரைக் கேட்டால் அவர் அடுத்தவரைக் காட்டுவார். ஒரே கூட்டத்தொடரில் மூவரையும் தனித்தனியாகக் கேட்டு, மூன்று பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றுக்கொன்று எங்கே இடிக்கிறது என்று தெரிந்துவிடும். அந்த முரண்பாட்டிலிருந்துதான் அடுத்த கேள்வியை எடுக்க வேண்டும்.

அந்த அடுத்த கேள்விக்கு விதிகளில் வழியும் உண்டு. அண்மையில் வந்த ஒரு பதில், எழுத்தில் வந்ததாக இருந்தாலும், பொது முக்கியத்துவம் உள்ளதென்றால் அதன்மேல் அரைமணி நேர விவாதம் கேட்கலாம். அமைச்சர் நேரில் வந்து விளக்க வேண்டும். பதிலில், பரிசீலிக்கிறோம், விவரம் சேகரிக்கிறோம் என்று ஒரு வாக்குறுதி இருந்தால் அது 1953 முதல் இயங்கும் அரசு வாக்குறுதிகள் குழுவின் கணக்கில் ஏறும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது நெறி. நிறைவேறாதவற்றைக் குழு விடாமல் துரத்தும்.

கேள்விகள் தவறாகப் போன வரலாறும் உண்டு. காசு வாங்கிக் கேள்வி கேட்கச் சம்மதித்ததற்காக 2005 டிசம்பரில் பதினோரு எம்.பி.க்களை நாடாளுமன்றம் வெளியேற்றியது. 2020 செப்டம்பரில் தொற்றைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தையே நிறுத்தினார்கள், எழுத்துமூலப் பதில்கள் மட்டும் வந்தன. ஒரு சபை மட்டுமே உள்ள தீவுகளுக்கு அந்த இழப்பு மற்றவர்களைவிடப் பெரியது.

ராய்ஜாதா ஹன்ஸ் ராஜுக்கு அன்று தேவைப்பட்டது சிறைக்குள் போய்ப் பார்த்த கண்கள். இன்றைய எம்.பி.க்குத் தேவை சிப்பிகாட் பஞ்சாயத்திலிருந்து போகும் ஒரு காகிதக் கட்டு: மூழ்கிய ஒவ்வொரு துண்டின் சர்வே எண், பரப்பு, 2004-க்கு முன் விளைந்தது என்ன, இழப்பீடு வந்த தேதி, தொகை, வராதவரின் பெயர், ஓதம் ஏறும் நேரத்தில் எடுத்த படங்கள். கூட்டத்தொடர் அறிவிப்பு வந்த வாரமே அது அவர் கையில் சேர வேண்டும். பதில் வந்த நாளில் அதன் நகல் மக்களவைத் தளத்தில் யாரும் எடுக்கும்படி கிடைக்கும். அதைக் கிராம சபையில் உரக்கப் படித்து, எந்த வரி உண்மை, எந்த வரி இல்லை என்று நிலத்துக்காரர்களே குறித்து, அடுத்த நோட்டீஸுக்கு நாள் தவறாமல் திருப்பி அனுப்ப வேண்டும்.